வாசலில் எருக்கலை

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்கு ஓடும் அவசரத்தில் என் கைப்பையின் வார் வாசலில் நின்ற செடியொன்றில் மாட்டிக்கொண்டது. பொறுமையாகக் கழற்றியிருக்கலாம். பொறுமை எனக்கு வராது. இழுத்தேன். இலையொன்று முறிந்து கையோடு வந்தது. முறிந்த இடத்திலிருந்து பால் வடிந்தது.

கொஞ்சநஞ்சமல்ல. வெள்ளை வெளேரென்று திரண்டு வந்து என் விரலில் பசைபோல ஒட்டிக்கொண்டது. குனிந்து செடியை வடிவாகப் பார்த்தேன். எதிரெதிராக இரண்டிரண்டு தடித்த இலைகள். நுனியில் ஊதாநிற மொட்டுக் கொத்து. மூன்று வருடமாக என் வீட்டு வாசலில் நின்ற செடி. நானே அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அது எருக்கலை என்பது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

எருக்கலையைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கோயிலில் பிள்ளையாருக்கு அதன் பூவில் மாலை கட்டலாம், தப்பில்லை. ஆனால் வீட்டு வாசலில் அது முளைத்தால் அந்த வீடு பாழ் என்று அர்த்தம். விளக்கேற்ற ஆளில்லாத வீட்டில்தான் எருக்கலை முளைக்கும். அதனால்தான் ஒருவரை அடியோடு சபிக்க வேண்டுமென்றால், உன் வாசலில் எருக்கலை முளைக்க என்று சொல்வார்கள். என்னை அப்படிச் சபித்த ஒருவர் இருக்கிறார். அவர் என் சொந்த அண்ணன்.

அன்று நான் 105ஆம் இலக்க பஸ்ஸைத் தவறவிட்டேன். நான் சமையல் வேலை செய்யும் கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், அறுபது குழந்தைகளுக்குப் பாஸ்தா அவிய வேண்டிய நேரத்தில், நான் இன்னும் பஸ் தரிப்பில் நின்று விரலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

செடியைக் கொண்டுவந்தவர் ஜெராட். என் கணவர். இருபத்து நான்கு வருடமாக என்னைச் சகித்துக்கொண்டிருப்பவர், அல்லது நான் அவரை. அது நாளைப் பொறுத்தது. துறைமுகத்திலிருந்து கொன்ரெயினர்களைக் கிழக்குப் பக்கக் களஞ்சியங்களுக்கு இழுத்துப்போகும் லொறி ஓட்டுகிறார். மண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது டயரில் ஒட்டும் என்பது மட்டும்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மே மாதச் சனிக்கிழமை, மொன்றியலில் எங்கள் வட்டாரமான நோத்ர-டாம்-த-கிரேஸில் நகரசபை ஆட்கள் இலவசமாகப் பூஞ்செடி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். அங்கே ஒரு பெண்மணி, தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் குறைந்துகொண்டு வருகின்றன, ஒவ்வொரு வீட்டுக்காரரும் முன்வாசலில் அவற்றுக்கு ஒரு சாப்பாட்டுக்கடை வைக்க வேண்டும் என்று பிரெஞ்சில் சொல்லியிருக்கிறார். யாராவது பிரெஞ்சில் கனிவாகப் பேசினால் ஜெராட் எதையும் நம்பிவிடுவார். எங்கள் முன்வாசலில் இருந்த இரண்டு கட்டில் அளவு புல்லைக் கிளப்பி எறிந்துவிட்டு எக்கினேசியா என்றொரு பூச்செடி நட்டார், இன்னும் ஏதேதோ நட்டார். நடுவில், சுண்டுவிரல் உயரத்தில் நின்ற இந்தக் கன்றை வைத்தார். அதன் அட்டையில் 'அஸ்க்லெப்பியாட்' என்று எழுதியிருந்தது.

"ஆரோ மேற்றிராணியாரின்ரை பேர் மாதிரிக் கிடக்கு," என்றேன்.

"நீர் சும்மா இரும். இது வருசா வருசம் தானாய் வாற செடியாம். ஒருக்கா வேர் பிடிச்சால் எங்களுக்குப் பிறகும் நிக்குமாம்."

அந்த வருடம் அது ஒரு சாண் வளர்ந்தது. பூக்கவில்லை. ஒக்டோபரில் மஞ்சளித்துச் செத்துப்போனது. அடுத்த வருடம் மே மாதம் பிறந்து, வீதியெல்லாம் பச்சையான பிறகும் அந்த இடம் வெறும் மண்ணாகவே கிடந்தது. ஜெராட் வேலை முடிந்து வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அங்கே முழங்காலில் நிற்பார். கோயிலில்கூட அவ்வளவு நேரம் முழங்காலில் நின்று நான் பார்த்ததில்லை. மே கடைசியில் ஒருநாள் மத்தியானம், கார்டெரியில் பிள்ளைகளைத் தூங்கப் போட்டிருந்த நேரம், எனக்குப் போன் பண்ணினார்.

"வந்திட்டுது," என்றார்.

"ஆர்?"

"எங்கடை செடி."

அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம். அப்படியொரு செய்தியை வேறு எதற்காகவும் அவர் எனக்குப் போன் பண்ணிச் சொல்லும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

இனி அண்ணனைச் சொல்ல வேண்டும். அவர் பெயர் ஸ்ரீதரன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா, அம்மா இரண்டு பேரும் இல்லாத வீட்டில் அவர்தான் எனக்கு எல்லாம். என்னை மொன்றியலுக்குக் கூப்பிட்டவரும் அவர்தான். வந்து இரண்டாம் வருடம், பிரெஞ்சு வகுப்பில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த மன்னார்க் கத்தோலிக்கர் ஒருவரைக் கட்டப் போகிறேன் என்று சொன்னேன். அண்ணன் எனக்காக வேறு இடத்தில் வாக்குக் கொடுத்திருந்தார். நான் கேட்கவில்லை. சொன்னேனே, எனக்குப் பொறுமை கிடையாது. பதிவுத் திருமணம் முடித்த கிழமை, நாங்கள் இருந்த மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்து, கதவுக்கு வெளியே நின்றபடியே சொன்னார்: "உன்ரை வாசலிலை எருக்கலை முளைக்கும், பாத்துக்கொண்டிரு." திரும்பிப் படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. அவர் ஆற்றுக்கு அப்பால் லாவாலில், நான் இங்கே. நடுவில் ஒரு பாலம்தான்.

இரண்டு தடவை எனக்கு வயிற்றில் தங்கி, இரண்டு தடவையும் நிற்காமல் போனது. டொக்டர்கள் அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள். நான் அந்தப் பெயரை நம்பினேன், பகலில். மற்ற நேரங்களில் அண்ணனின் வாயைத்தான் நினைத்தேன். ஜெராட்டிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஜெராட் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மூன்று தண்டுகளில் தடித்த தண்டைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் பிடுங்கினேன். வேரின் ஒரு துண்டோடு வந்தது. கையெல்லாம் பால். மற்ற இரண்டையும் பிடுங்க மனம் வரவில்லை. பிடுங்கியதைப் பழுப்புக் குப்பை வாளிக்குள், வெங்காயத் தோலுக்கும் மரக்கறிக் கழிவுக்கும் அடியில் புதைத்துவிட்டு, நல்ல பிள்ளையாகத் தேத்தண்ணி போட்டேன்.

ஜெராட் வந்தார். வாசலில் நின்றார். அவர் உள்ளே வரவில்லை என்பதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"இஞ்சை ஒண்டைக் காணேல்லை," என்றார்.

"அணில் கிண்டியிருக்கும்," என்றேன்.

மொன்றியலில் எந்தக் குற்றத்தையும் அணிலின் தலையில் போடலாம். ஜெராட் நம்பினார். நம்பியதோடு விடவில்லை. ஊரிலிருந்து வந்த, நான் எண்ணி எண்ணிக் கரண்டியில் எடுக்கும் கறித்தூளில் அரைப் போத்தலைச் செடியைச் சுற்றிக் கொட்டிவிட்டார். அணில் உறைப்புக்கு வராதாம். வீதியால் நாயோடு போன ஒரு மதாம் நின்று மூக்கைச் சுருக்கிவிட்டுப் போனார். மீன் குழம்பு வாசம் அடிக்கும் பூந்தோட்டம் அந்த வட்டாரத்தில் எங்களுடையது மட்டும்தான். எனக்கு ஏசவும் வாயில்லை. குற்றவாளி நானல்லவா.

பன்னிரண்டு நாள் கழித்து, நான் பிடுங்கிய இடத்தில் ஐந்து முளைகள் வந்தன.

ஒன்றில்லை, இரண்டில்லை, ஐந்து. ஜெராட் கறித்தூளின் மகிமை என்று நினைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் அந்த ஐந்தையும் பார்த்தேன். உள்ளே போய் அடுப்படிக் கதிரையில் இருந்து அழத் தொடங்கினேன். நான் லேசில் அழுகிறவளல்ல. ஜெராட் பயந்துபோய்ப் பின்னால் ஓடி வந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பிடுங்கியதைச் சொன்னேன். அணில் பொய்யென்றேன். அது என்ன செடி என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு தடவையும் என் மனதில் என்ன ஓடியது என்பதையும் சொன்னேன்.

ஜெராட் இன்னொரு கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்தார். பிறகு, "அண்டைக்கு நான் கதவுக்குப் பின்னாலை நிண்டனான். உம்மடை அண்ணை சொன்னது எனக்கும் கேட்டது," என்றார்.

"பிறகேன் ஒண்டும் கதைக்கேல்லை?"

"நீர் மறந்திருப்பீர் எண்டு நினைச்சன். மறந்ததை ஏன் கிளறுவான்."

இருபத்து நான்கு வருடம், ஒரே வீட்டுக்குள், ஒரே வசனத்தை ஆளுக்கொரு பக்கத்தில் ஒளித்து வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறோம். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, தலையில் ஒரு குட்டுக் குட்டலாம் போலவும் இருந்தது.

"உமக்கு வேண்டாமெண்டால் சொல்லும், இப்பவே வேரோடை எடுத்துப்போடுறன்," என்றார். "செடி என்ன செடி."

அவர் அதை மனதாரச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அந்தச் செடிக்கு முன்னால் முழங்காலில் நின்ற மனிதர் அவர். அதனால்தான் எனக்கு உடனே ஓம் என்று சொல்ல முடியவில்லை.

"முதல்லை அது என்னெண்டு வடிவாய்ப் பாப்பம்," என்றேன். "றோசலினைக் கேளுங்கோ."

றோசலின் ஜெராட்டின் தங்கை, எனக்கு மச்சாள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், விவசாயம் படிப்பிக்கும் இடத்தில், செடி வளர்க்கும் கண்ணாடி வீடுகளில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறாள். அடுத்த சனிக்கிழமை வந்தாள். அதற்குள் மொட்டெல்லாம் விரிந்து, கிரிக்கெட் பந்தளவில் ஊதாப் பூக்கொத்துகள் தொங்கின. வாசம் வீதிவரை அடித்தது. கறித்தூளையும் வென்றுவிட்டது.

றோசலின் இலையொன்றைக் கிள்ளிப் பாலைப் பார்த்தாள். இலையின் அடிப்பக்கத்தைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். தண்டைத் தடவிப் பார்த்தாள்.

"மச்சாள், இது எருக்கலை இல்லை," என்றாள். "எருக்கலை ஆள் உயரத்துக்குப் பத்தையாய்ப் போகும், இலையிலை மாப் பூசினமாதிரி இருக்கும். இதுக்குப் பாருங்கோ, இலைக்குக் கீழை வெல்வெற் மாதிரி மயிர். தண்டு கிளை விடாமல் நேராய்ப் போகுது. எருக்கலை இஞ்சத்தைக் குளிரிலை ஒரு கிழமை தாங்காது. இது எங்கடை பனியெல்லாம் தாங்கி வாற இந்த நாட்டுக் காட்டுச் செடி."

"அப்ப பால்?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். பொய் சொல்லத் தெரியாதவள். "சொந்தம்தான். ரெண்டும் ஒரே குடும்பம். பூவைப் பாருங்கோ, அதே கிரீடம்தான், சின்னனாய்."

"சொந்தமெண்டால் போதாதோ மச்சாள்? என்னைச் சபிச்சதும் சொந்தம்தானே."

ஜெராட் தலையைக் குனிந்துகொண்டார். இன்னொரு இலையைத் திருப்பிய றோசலின் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு எங்கள் இருவரையும் கையசைத்துக் கூப்பிட்டாள். இலையின் அடியில், ரவை அளவில், வெள்ளையாக ஒரு முட்டை இருந்தது. அதற்கு இரண்டு இலை தள்ளி இன்னொன்று.

"மொனார்க்," என்றாள். "அந்தச் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி. மெக்சிக்கோவிலையிருந்து வாற சாதி. அதின்ரை குஞ்சு வேறை எதையும் தின்னாது, இந்தச் சாதிச் செடியளை மட்டும்தான் தின்னும். எங்கை நிக்குதெண்டு தேடித் தேடி வந்து வைச்சிட்டுப் போயிருக்கு."

நான்கு நாளில் முட்டை பொரித்தது. நூல் மாதிரி ஒன்று வந்து, தின்றது, தின்றது, ஒரு கிழமையில் மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட புழுவானது. எண்ணினால் ஏழு. புழு என்றால் எனக்கு அருவருப்பு. கீரைக்கட்டில் ஒன்று கிடந்தால் கட்டையே எறிகிறவள் நான். ஆனாலும் காலையில் பஸ்ஸுக்குப் போகுமுன் ஐந்து நிமிடம் குந்தியிருந்து பார்க்கப் பழகிவிட்டேன். ஒருநாள் மழையில் ஒன்று கீழே விழுந்து கிடந்தது. அதை இலையால் ஏந்தி எடுத்து மேலே வைத்தது நான்தான். இதை ஜெராட்டுக்குச் சொல்லவில்லை. சொன்னால் வருடம் முழுக்க அதைச் சொல்லியே சிரிப்பார்.

ஆனால் கோபம் போகவில்லை. செடியின் மேல் இருந்த கோபம் போய், அது முழுக்க அண்ணன் பக்கம் திரும்பியிருந்தது. இந்தப் பூவைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் அவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் சொந்தக்காரருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. யாழ்ப்பாணம், லண்டன், மொன்றியல் என்று நாற்பது பேர். அதில் அண்ணனும் இருக்கிறார், நானும் இருக்கிறேன். எட்டு வருடமாக அவர் ஒன்று போட்டால் நான் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். நான் போட்டால் அவரும் அப்படியே. ஜூலை நடுவில் ஒரு வியாழக்கிழமை, பூவைப் படமெடுத்து அந்தக் குழுவில் போட்டேன்.

லண்டனில் இருக்கும் சித்தப்பா மகள் பிரஷாந்தினி உடனே கேட்டாள்: "நல்ல வடிவாய் இருக்கு அக்கா, என்ன பூ?"

நான் எழுதினேன்: "எருக்கலை. எங்கடை வாசலிலை முளைச்சிருக்கு."

சமாதானத்துக்காகச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். சுடட்டும் என்றுதான் போட்டேன். சரியாகச் சுட வேண்டிய இடத்தில் சுடட்டும். யார் யார் பார்த்தார்கள் என்று தட்டிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் அண்ணனும் பார்த்துவிட்டார். ஒன்றும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெராட் பூசைக்குப் போயிருந்தார். நான் முன்கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு காரின் பின்கதவு திறக்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன்.

அண்ணன் நின்றார். நெற்றியில் திருநீறு, காலில் வேலைச் சப்பாத்து. நான் நினைவில் வைத்திருந்த மனிதரைவிடச் சுருங்கியிருந்தார். முன்பு மை பூசிய தலை இப்போது முழு வெள்ளை. காருக்குள்ளிருந்து ஒரு மண்வெட்டியை எடுத்தார். புத்தம் புதியது, பிடியில் கடையின் ஸ்டிக்கர்கூடக் கிழிக்கப்படாமல் இருந்தது. என் பக்கம் பார்க்கவில்லை. நேரே செடிக்குப் போனார். நான் கத்தியை வைத்துவிட்டு ஓடி வருவதற்குள் ஓங்கி ஒரு வெட்டு வெட்டிவிட்டார்.

"அண்ணை," என்றேன்.

இருபத்து நான்கு வருடத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. அவர் நின்றார். மண்வெட்டியை மறுபடி ஓங்கவில்லை. ஆனால் கையை விட்டு இறக்கவும் இல்லை.

"நீ உள்ளுக்குப் போ," என்றார் மண்ணைப் பார்த்தபடி. "நான் சொன்ன சொல்லு. நானே கிண்டி எடுக்கிறன். எடுத்திட்டுப் போறன்."

"கிண்டினால் போகாதண்ணை. கூடும். நானும் பிடுங்கிப் பாத்தனான். ஒண்டு அஞ்சாய் வந்தது."

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீயும் பிடுங்கினியோ," என்று கேட்டார். "அப்ப நீயும் நம்பினனி."

பொய் சொல்லியிருக்கலாம். வந்தவரைத் தேற்றுவதற்காகவாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

"ஓம்," என்றேன். "கனகாலம் நம்பினனான்."

அண்ணன் வாசல் படியில் இருந்துவிட்டார். மண்வெட்டியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார்.

"அண்டைக்குப் படியாலை இறங்கேக்கையே எனக்குத் தெரியும், சொல்லியிருக்கக்கூடாதெண்டு," என்றார். "ரெண்டாம் மாடியிலை நிண்டனான். திரும்பி ஏற வெக்கம். நாளைக்குப் போவம், நாளைக்குப் போவம் எண்டு இருந்தன். பேந்து நீ ஆசுப்பத்திரியிலை எண்டு கேள்விப்பட்டன். ஏனெண்டும் கேள்விப்பட்டன். அதுக்குப் பிறகு எந்த முகத்தோடை வாறது."

"எந்த முகத்தோடையெண்டாலும் வந்திருக்கலாம்," என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. வீதியால் போனவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். "ரெண்டு தரம் கிடந்தனான் அண்ணை. ஒவ்வொருக்காக் கதவு திறக்கேக்கையும் நீங்கள்தானோ எண்டு பாத்தனான். உங்கடை சொல்லாலை ஒண்டும் நடக்கேல்லை. அது உடம்பிலை இருந்த வருத்தம், டொக்டர் கடுதாசியிலை எழுதித் தந்தவர். சொல்லு எனக்கு ஒண்டும் செய்யேல்லை. நீங்கள் வராததுதான் செய்தது."

அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அறுபத்து மூன்று வயது மனிதர் என் வாசல் படியில் இருந்து சின்னப்பிள்ளை போல் அழுதார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தேன். பிறகு அவர் முதுகில் கை வைத்தேன். சட்டைக்குள்ளால் எலும்பு தெரிந்தது. அண்ணன் இவ்வளவு மெலிந்துபோனதை இத்தனை வருடம் பார்க்காமல் விட்டேனே என்று எனக்கும் அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து ஜெராட் பூசை முடிந்து வந்தார். வாசலில் தெரியாத கார். படியில் மனைவியும் மச்சானும் அழுதுகொண்டிருக்கிறார்கள். மச்சானின் மடியில் மண்வெட்டி. வேறு யாராக இருந்தாலும் வீதியிலேயே நின்றிருப்பார்கள். ஜெராட் நேரே வந்தார். வெட்டுப்பட்ட தண்டையும் அண்ணனின் சப்பாத்தையும் பார்த்தார்.

"அண்ணை, கால் கவனம்," என்றார். "உதிலை புழு இருக்கு."

ஜெராட் என் அண்ணனோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். அண்ணன் அவசரமாகக் காலைத் தூக்கினார். ஜெராட் குந்தி, சாய்ந்து கிடந்த தண்டை நிமிர்த்தி, அதிலிருந்த இரண்டு புழுக்களை இலையோடு கிள்ளிப் பக்கத்துத் தண்டில் வைத்தார். அண்ணனும் மெல்ல எழுந்து வந்து அவருக்குப் பக்கத்தில் குந்தினார்.

"கடிக்குமோ?"

"இலையை மட்டும்தான் கடிக்கும். உது பேந்து வண்ணத்துப்பூச்சியாய் வரும் அண்ணை. வந்து மெக்சிக்கோ போகும்."

"உதோ? மெக்சிக்கோவோ?"

"ஓம். இஞ்சையிருந்துதான் போகும். இந்தச் செடி இல்லையெண்டால் அதுக்குச் சாப்பாடும் இல்லை, குஞ்சும் இல்லை."

அண்ணன் இன்னும் கிட்டக் குனிந்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு புழு இலையின் விளிம்பைத் தாடை அசைய அசைய வளைத்து வளைத்துத் தின்றது. ஜெராட் ஒவ்வொன்றாகத் தேடி எண்ணிக் காட்டினார். பாவி மனுஷன், ஏழு இருக்கிறதா என்று இரண்டு தரம் சரிபார்த்தார். ஏழும் இருந்தன.

நான் உள்ளே போய்க் கத்தரிக்காயை அப்படியே விட்டுவிட்டுத் தேத்தண்ணி போட்டேன். திரும்பி வரும்போது அண்ணன் வாசலைத் தாண்டி உள்ளே ஒரு கால் வைத்து, உள்ளே வரட்டோ என்று கேட்பது போல நின்றார். "சப்பாத்தோடை வாங்கோ, பறவாயில்லை," என்றேன். எங்கள் வீட்டில் நான் இதுவரை ஒருவருக்கும் அப்படிச் சொன்னதில்லை. ஜெராட் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

மத்தியானம் சாப்பிட்டோம். சாப்பாட்டில் அண்ணன் கத்தரிக்காய்ப் பால்கறியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். அதிகம் பேசவில்லை. போக வெளிக்கிட்டு வாசலுக்கு வந்தவர் செடிக்கு முன்னால் மறுபடி நின்றார்.

"எனக்கு இதிலை ஒரு வேர் வேணும்," என்றார்.

"எதுக்கு?"

"என்ரை வீட்டு வாசலிலை வைக்க."

அண்ணனின் வீட்டு முன்பக்கம் எனக்குத் தெரியும். குழுவில் படம் வந்திருக்கிறது. சுத்தம் சுத்தம் என்று ஒரு புல்கூட முளைக்காமல் முழுக்கக் கல் பதித்து வைத்திருக்கிறார்.

"எங்கை வைப்பியள்? கல்லிலையோ?"

"ரெண்டு கல்லைக் கிளப்பினால் இடம் வரும்."

"அண்ணி ஏசுவா. எருக்கலையை வாசலிலை வைக்கிறதோ எண்டு கேப்பா."

"கேக்கட்டும்," என்றார் அண்ணன். "என்ரை தங்கச்சி வீட்டிலை நிக்கிற மரம் எண்டு சொல்லுறன். உனக்கு முளைச்சது எனக்கும் முளைக்கட்டும்."

சபித்த வாய் அதைத் தன் வீட்டுக்குக் கேட்டது. நான் ஜெராட்டைப் பார்த்தேன். ஜெராட் செடி விஷயத்தில் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார், அழுத மச்சானுக்குக்கூட.

"இப்ப கிண்டினால் பிழைக்காது அண்ணை," என்றார். "வேர் ஆழத்துக்குப் போயிருக்கும். புழுவும் கிடக்கு. இலையெல்லாம் காய்ஞ்சு நித்திரைக்குப் போகோணும். ஒக்டோபரிலை வாங்கோ, நல்ல வேர்த்துண்டாய் வெட்டித் தாறன்."

"ஒக்டோபரோ," என்றார் அண்ணன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், மெதுவாக, யாரிடமோ கேட்பது போல் கேட்டார்.

"அப்ப அதுவரைக்கும் நான் என்ன சாட்டுச் சொல்லி வாறது?"

நான் அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, எங்கள் கதவோரச் சுவரில் சாத்தி வைத்தேன்.

"இதை இஞ்சை விட்டிட்டுப் போங்கோ அண்ணை," என்றேன். "மண்வெட்டியை எடுக்க வந்தனான் எண்டு வாற ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. வந்திட்டு, திரும்பவும் மறந்திட்டுப் போங்கோ."